நிக்கோபார் தாண்டினால் பயமில்லை

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான் என்று ஒரு வாரம் முழுக்க நம்பிக்கொண்டு திரிந்தவன் நான். சும்மா நம்பவில்லை, ஆதாரத்தோடு நம்பினேன். டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. சாங்கியில் காலை பத்து மணிக்குப் புறப்பாடு, திருச்சியில் பதினொன்றரைக்கு வருகை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இரண்டு ஊருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் இருப்பது உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். திருச்சியில் வாழ்க்கைப்பட்ட தங்கை ரோஸிக்கு இங்கே விடிந்ததும் போன் போட்டு, அங்கே அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, திட்டு வாங்கியே அந்தக் கணக்கை மனப்பாடம் செய்தவன் நான். ஆனால் பயந்தவன் டிக்கெட்டைப் படிக்கும்போது தனக்கு வேண்டியதை மட்டும்தான் படிப்பான். திரும்பி வரும் டிக்கெட்டில் ஆறரை மணி நேரம் என்று வந்தபோதுகூட நான் அசரவில்லை. போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், வரும்போது முன்னாலிருந்து தடுக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். திரும்பி வருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கப்பல் ஏதாவது கிடைக்காமலா போய்விடும்?

இந்த நிம்மதியைக் கெடுத்தவர் நிக்கோபார் பாய்.

இந்தத் தீவில் நேரத்தை மணிக்கணக்கில் சொல்லாத ஒரே ஜீவன் அவர்தான். லிட்டில் இந்தியாவில் பயணப் பைகள் விற்கும் ஒரு கடையின் வாசலில், அஞ்சடி நடைபாதையில், ஒரு முக்காலி, ஒரு கத்திரிக்கோல், நைலான் கயிற்று உருண்டைகள் சகிதம் உட்கார்ந்திருப்பார். ஊருக்குப் போகிறவர்களின் அட்டைப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. அவரே மறந்திருக்கலாம்.

அவரிடம் இருந்தது ஒரே அளவுகோல்: சிங்கப்பூர் - திருச்சி விமானம். கிளம்பியதும் மலாக்கா, அப்புறம் பினாங்கு, அப்புறம் சுமத்ரா முனை, பாதி வழியில் நிக்கோபார், பிறகு வெறும் கடல், கோடியக்கரை, தஞ்சாவூர், திருச்சி. உலகத்தில் நடக்கும் எந்தக் காரியமும் இந்த வரிசையில் ஏதாவது ஓர் இடத்தில் முடிந்தே தீரும் என்பது அவர் கொள்கை.

பெட்டி கட்ட எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், "மலாக்காவுக்குள்ள முடிஞ்சுரும்" என்பார். உட்லண்ட்ஸிலிருந்து ரயிலில் வந்தேன் என்றால், "அடேயப்பா, பினாங்கே வந்துருச்சே, உக்காருங்க" என்பார். மருந்தகத்தில் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தால் அது சுமத்ரா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜோகூர் பாலத்தில் பஸ்ஸில் மாட்டிக்கொண்டால் கோடியக்கரை நிச்சயம். ஒருமுறை ஒரு சங்கத்து விழாவில் தலைவர் பேசிக்கொண்டே இருந்தார். எப்போது சாப்பாடு போடுவார்கள் என்று பாயின் காதில் கேட்டேன். மேடையைக் கூர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பத்தான் கடலுக்கு மேல வந்துருக்காரு தம்பி. தரையே தெரியல."

பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா, "சாப்பிட்டாச்சா பாய்?" என்று கேட்டால், "இன்னும் பெல்ட்டே அவுக்கல" என்பார். அதற்கு இன்னும் பசிக்கவில்லை என்று அர்த்தம். அந்தத் தெருவில் எல்லோருக்கும் இந்தப் பாஷை புரியும். மருமகள் பிரசவ வலியில் இருந்தபோது அக்காவே, "பாய், இப்பத்தான் தஞ்சாவூராம்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்திருக்கிறார்.

நிக்கோபார் என்ற பட்டம் வந்ததற்கும் காரணம் உண்டு. விமானம் ஏறப் பயந்து நடுங்கிக்கொண்டு வருபவர்களுக்கு அவர் சொல்லும் ஆறுதல் அது. "நிக்கோபார் வரைக்கும்தான் பயப்படணும். அதத் தாண்டிட்டா, திரும்புனாலும் அவ்ளோ தூரம், போனாலும் அவ்ளோ தூரம். அப்புறம் பயந்து என்ன பிரயோஜனம்? பேசாம தூங்கிரணும்."

பாய் எடை போடுவதில் கில்லாடி என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டியைத் தூக்கிப் பார்த்து அவர் சொல்லும் எடை ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. அவரை நம்பிப் போய், சாங்கியில் தரையில் உட்கார்ந்து சோப்பையும் மிட்டாயையும் தைல பாட்டிலையும் உறவினர்களிடம் திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம். ஆனால் முடிச்சு மட்டும் முடிச்சுதான். அதை மனிதக் கையால் அவிழ்க்க முடியாது. என் தங்கை அவர் கட்டின பெட்டியைப் பிரிக்க எதிர்வீட்டில் அரிவாள் வாங்கி வந்ததாகச் சொல்லியிருக்கிறாள். தான் கட்டிய ஒரு பெட்டியும் ஊருக்குப் போகாமல் திரும்பி வந்ததில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமைக்குத்தான் நான் வேட்டு வைக்கப் பார்த்தேன்.

ரோஸியின் மகளுக்குத் திருமணம். ரோஸியின் கணவர் இறந்து சில வருடங்களாகிவிட்டன. "மாமாதான் என் கையப் புடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போகணும்" என்று பெண் சொல்லிவிட்டாள். அந்தச் சமயத்தில் டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் என்று பார்த்திருந்ததால், "மாமா வராம யாரு வருவா?" என்று நானும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டேன். அதோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாயிடம் போனேன்.

"திருச்சியா?" என்றார், கயிற்றை உருவிக்கொண்டே.

"ஆமா பாய். ஒன்றரை மணி நேரம்தானே. கண்ண மூடித் தொறந்தா ஊரு."

பாயின் கை நின்றது. "எந்த ஊருக்கு?"

"திருச்சிக்கு."

"ஒன்றரை மணி நேரத்துல சுமத்ராதான் வரும் தம்பி. அங்க எறங்கி என்ன பண்ணப் போறீங்க?"

டிக்கெட்டைக் காட்டினேன். பாய் அதைப் பார்க்காமலே சிரித்தார். அக்காவையும் கூப்பிட்டுச் சிரித்தார். "அக்கா, தம்பி பாதி வழியில எறங்கிக்கிறாராம்!" பிறகு எனக்கு விளக்கினார். அங்கே கடிகாரம் பின்னால் போகிறது, விமானம் இல்லை. போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். தூரம் கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி தண்ணீர்.

கடைசி வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. செம்பவாங்கில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கம்பெனியில் ஸ்டோர் வேலை. வாழ்க்கையில் நான் கடல் தாண்டியது ஜோகூர் பாலத்தில் மட்டும்தான். அதையும் ஜன்னல் ஓரம் உட்காராமல் தாண்டியவன். தேசிய சேவையில் என் படைப்பிரிவு தைவானுக்குப் பயிற்சிக்குக் கிளம்பியபோது எனக்குக் காதுவலி வந்தது. ரோஸியின் மகளுக்கு மாதா கோயிலில் முதல் முறையாகப் புதுநன்மை கொடுத்தபோது சைனஸ் வந்தது. அவர்கள் வீடு கட்டிப் புனிதப்படுத்தியபோது மறுபடியும் காதுவலி, இந்த முறை அடுத்த காது. என் உடம்பு டிக்கெட்டைப் பார்த்த மாத்திரத்தில் நோய்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

கட்டிய பெட்டியைப் பாயிடமே விட்டுவிட்டு, அன்றைக்கே வேலையிடத்துக்குப் போய், நாகப்பட்டினம் பக்கம் போகிற கப்பல் ஏதாவது உண்டா என்று விசாரித்தேன். ஃபோர்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருக்கு லா. கன்டெய்னர் கப்பல். உன்ன எந்தப் பெட்டில போடுறது?"

வேறு வழியில்லாமல் ரோஸிக்குப் போன் செய்தேன். லேசாக இருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ரோஸி, எனக்கு ரெண்டு நாளா..."

"எந்தக் காதுண்ணே?" என்றாள்.

என் இருமல் பாதியில் நின்றது.

"இங்க பாருண்ணே. நீ வரலேன்னா நான் அழ மாட்டேன், சண்ட போட மாட்டேன். புள்ள தனியா நடந்து போய்க்குவா. அவ்ளோதான். ஆனா அதுக்கப்புறம் அவ ஒன்ன மாமான்னு கூப்பிடுவாளான்னு எனக்குத் தெரியாது."

சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

மறுநாள் பாயிடம் போய், பெட்டியைப் பிரித்துவிடுங்கள், டிக்கெட்டை ரத்து செய்யப் போகிறேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் கயிற்றைச் சுற்றிச் சுற்றி யோசித்தார். அவர் பாஷையில் சொன்னால், மலாக்கா தாண்டும் வரை. பிறகு சொன்னார்: "ஞாயித்துக்கெழம லீவுதானே? இங்க வாங்க. ஒரு தடவ ஓட்டிப் பாத்துருவோம்."

"எத பாய்?"

"பிளேன."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, என் மனைவி ஸ்டெல்லா தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சி வாங்கப் போனாள். நான் பாயிடம் போனேன். என்னை முக்காலியில் சுவரோரமாக உட்கார வைத்தார். இடுப்பைச் சுற்றி நைலான் கயிற்றைப் போட்டு, சுவரை ஒட்டிய குழாயோடு சேர்த்துப் பின்பக்கம் முடிச்சுப் போட்டார். "சீட் பெல்ட்டு" என்றார். கைகள் மட்டும் விடுதலையாக இருந்தன. சரியாக நண்பகல் பன்னிரண்டு மணிக்கு விமானம் கிளம்பியது.

"இப்ப மூக்கு மேல தூக்கும். சாஞ்சுக்குங்க."

சாய்ந்தேன். அக்கா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு டீயைக் கொண்டுவந்து நீட்டினார். "சாருக்குச் சைவமா, அசைவமா?"

பினாங்கு வரை நன்றாகத்தான் போனது. பாய் ஒவ்வோர் ஊராக அறிவித்துக்கொண்டு வந்தார். நடுவில் மழை பிடித்தது, சாரல் முகத்தில் அடித்தது. "மேகம், மேகம், ஒண்ணும் ஆவாது" என்று என் முக்காலியைப் பிடித்து ஆட்டினார். நான் உண்மையாகவே பின்னாலிருந்த குழாயைப் பிடித்துக்கொண்டேன். சுமத்ரா நெருங்கும்போது அவருக்கு லுஹர் தொழுகை நேரம் வந்துவிட்டது. எழுந்து தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"தொழுதுட்டு வந்துர்றேன். நிக்கோபார் வர்றதுக்குள்ள வந்துருவேன்."

"பாய், கயிறு!"

"நடுவானத்துல பெல்ட்ட அவுக்கக் கூடாது தம்பி" என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்கோலையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிட்டில் இந்தியா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தீவு முழுவதிலிருந்தும் விடுமுறை நாள் கூட்டம் அந்தத் தெருவில் இறங்கியிருந்தது. அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவே கட்டி வைத்த ஆள். ஓர் இளைஞர் நின்று கேட்டார்: "என்னண்ணே, ஓவர் வெயிட்டா?" அவர் நண்பர், "இல்லடா, அண்ணனுக்கு டிக்கெட் போடல, பார்சல்ல அனுப்புறாங்க" என்றார். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மரியாதையாக அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொண்டார். இதற்கிடையில் குடித்த டீ தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. நிஜ விமானத்திலாவது கழிப்பறை இருக்கும்.

"அக்கா, இவரு எத்தன தடவ பிளேன்ல போயிருப்பாரு?" என்று கேட்டேன், கவனத்தைத் திருப்ப.

அக்கா பூவைத் தொடுத்தபடியே சொன்னார்: "யாரு, பாயா? ஒரே தடவ. ஊருலேர்ந்து இங்க வந்தப்ப. வந்தவருதான், அப்புறம் ஏறவே இல்ல. பயம்."

"என்னது?"

"பொண்டாட்டி புள்ளைங்கதான் நாகூர்லேர்ந்து வந்து வந்து பாத்துட்டுப் போவாங்க. கேட்டா, கடையில ஆள் இல்லம்பாரு. இந்த மலாக்கா, சுமத்ரா எல்லாம் அன்னிக்குப் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது. அதத் திருப்பிப் போட்டுச் சொல்லிட்டு இருக்காரு."

நான் கட்டுண்டு கிடந்தபடியே கொதித்தேன். அப்போது பார்த்து ஸ்டெல்லா ஆட்டிறைச்சிப் பையோடு வந்து நின்றாள். என்னையும் கயிற்றையும் குழாயையும் பார்த்தாள். "என்னங்க, யாரு இப்படிப் பண்ணது?" என்று பதறவில்லை. "இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கலாம்" என்றுதான் சொன்னாள்.

பாய் திரும்பி வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "ஏன் பாய், நீங்க ஒரு தடவதான் ஏறியிருக்கீங்களாமே?"

பாய் அக்காவைப் பார்த்தார். அக்கா மல்லிகையைப் பார்த்தார்.

"ஒரு தடவ பத்தாதா?" என்றார் பாய்.

"உங்களுக்கே பயம். எனக்கு வகுப்பு எடுக்குறீங்க!"

"பயந்தவனுக்குத்தான் தம்பி வழி நல்லா ஞாபகம் இருக்கும். தைரியசாலி தூங்கிருவான்." குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவராலும் முடியவில்லை. கத்திரிக்கோலை எடுத்து வெட்டினார். "நான் போட்ட முடிச்ச நானே வெட்டுறது இன்னிக்குத்தான்" என்று முணுமுணுத்தார். நான் அதைக் கேட்க நிற்கவில்லை, கழிப்பறைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது ஸ்டெல்லா அவரிடம் ரோஸியின் போன் விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தாள். பாய் என் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி மக தனியா நடந்து போவுமா?"

"போவாளாம் பாய்."

"அது சரியில்ல" என்றார். "இந்தப் பெட்டி இங்க கெடக்குறதும் சரியில்ல."

"அப்ப நீங்களும் வாங்க. நீங்க ஏறுனா நான் ஏறுறேன்" என்றேன். அவர் வரவே மாட்டார், பழியை அவர் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டில் இருந்துவிடலாம் என்பது என் திட்டம். பாய் வெட்டிய கயிற்றைச் சுருட்டி எடுத்துவைத்தார். நான்கு நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது, தானும் வருவதாக. அக்காவின் மகன் கைப்பேசியில் தட்டி, என் பக்கத்து இருக்கையையே அவருக்குப் போட்டுக் கொடுத்திருந்தான்.

ஸ்டெல்லா இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டதால், சாங்கியில் நாங்கள் இருவர் மட்டும். பாய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அத்தர் மணக்க நின்றார். பெட்டி எடை கூடியிருந்தது, வழக்கம்போல. பிரித்துக் குறைத்து மறுபடியும் கட்டினார். முதல் முறை முடிச்சு நழுவியதை நானும் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

ஜன்னல் இருக்கை அவருக்கு. நான் நடு இருக்கை. விமானம் ஓட ஆரம்பித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் நடுவிலிருந்த கைப்பிடியைப் பிடித்தோம். அதாவது நான் கைப்பிடியையும், அவர் என் கையையும். பணிப்பெண் வந்தபோது பாய் அவளிடம், "அம்மா, நிக்கோபார் வந்தாச் சொல்லுங்க" என்றார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போனாள். அதன் பிறகு வரவே இல்லை.

"இது எந்த ஊரு பாய்?" என்று கேட்டேன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டே, "மலாக்கா" என்றார்.

நாலு மணி நேரத்தில் திருச்சி வந்தது. வெளியே ரோஸி நின்றாள். அவளுக்குப் பின்னால் பாயின் மனைவி, மகன், மருமகள், அவர் நேரில் பார்த்தே இராத ஒரு பேரன். பேரனைத் தூக்கிக்கொண்ட பாய் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "நிக்கோபாரப் பாத்தீங்களா தம்பி? நான் அசந்துட்டேன்."

"பாத்தேன் பாய். பச்சையா, சின்னதா இருந்துச்சு."

"அதான் சொன்னேன்ல!" என்றார்.

திருமணத்தன்று பெண்ணின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனேன். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் மலாக்காகூட ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து நானும் ஸ்டெல்லாவும் திரும்பி வந்தோம். பாய் திரும்பவில்லை. திரும்ப வேண்டுமென்றால் மறுபடியும் ஏற வேண்டுமே. நாகூரிலிருந்து போன் செய்கிறார். கடையைப் பற்றிக் கேட்பார், அக்காவைப் பற்றிக் கேட்பார், பக்கத்தில் இருப்பவர்களிடம், "தம்பி நிக்கோபாரக் கண்ணாலயே பாத்தவரு" என்று சொல்லுவதும் எனக்குக் கேட்கும்.

நான் பார்க்கவில்லை. ஜன்னல் அவர் பக்கம் இருந்தது. சுமத்ரா வருவதற்கு முன்பே பாய் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். எட்டிப் பார்த்தால் விழித்துவிடுவார் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன், திருச்சி வரைக்கும்.